வெற்றிலைச் சுண்ணாம்பும் கொடைக்கானல் பஸ்ஸும்: வளிமண்டலத்தை அளந்து படிப்பது எப்படி?

எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் காற்றில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். "நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21" என்று மூச்சு விடாமல் சொல்லிவிடும். அது உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்று பதில் வரும். வத்தலக்குண்டில் 31 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். இந்தப் பதிலை ஒவ்வொரு ஆண்டும் கேட்டேன், ஒரு முறைகூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காற்று பிள்ளையின் மூக்கு நுனியில் இருக்கிறது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு இருக்கிறது. பஸ் நிலையத்தில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் 2,100 மீட்டர் உயரத்தில் இறங்கலாம். இத்தனையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது மனப்பாடம் எதற்கு?

என் மாணவர்களோடு செய்து பார்த்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். முதல் பாதி வீட்டிலும் பஸ்ஸிலும் செய்ய வேண்டியது. பிற்பாதிக்குக் கண்ணும் பொறுமையும் போதும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. சோதனைக்கூடத் தெர்மாமீட்டர் ஒன்று, 110 பாகை வரை காட்டுவது. காய்ச்சல் பார்ப்பது இதற்கு உதவாது. ஒடுங்கிய, ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குழாய் அல்லது சோதனைக் குழாய். வினிகர் கொஞ்சம். காற்றழுத்தம் காட்டும் கைபேசி. எல்லாக் கைபேசியிலும் அந்த உணரி இருக்காது, ஆனால் உறவினர் கூட்டத்தில் யாராவது ஒருவரிடம் இருந்துவிடும். இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம். நேரம், இடம், எண் மூன்றையும் எழுதாத அளவீடு அளவீடே இல்லை.

ஆக்சிஜனை இரும்புக்குத் தின்னக் கொடுங்கள்

முதலில் ஒரு தவற்றைத் திருத்திவிடுகிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, டம்ளரால் மூடினால் தீ அணைந்து தண்ணீர் மேலேறும். ஏறிய அளவுதான் ஆக்சிஜன் என்று பல பள்ளிகளில் காட்டுவார்கள். நானும் ஆறேழு ஆண்டுகள் அப்படித்தான் காட்டினேன். ஒரு நாள் ஒரு மாணவி இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி மூடினாள். தண்ணீர் முன்பைவிட அதிகமாக ஏறியது. "ரெண்டு வத்தி வெச்சா காத்துல ஆக்சிஜன் கூடிடுமா டீச்சர்?" என்று கேட்டாள். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. தீயின் சூட்டில் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியே தப்பிவிடுகிறது. அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. தண்ணீரை இழுப்பது பெரும்பாலும் அந்தச் சுருக்கம்தான். ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே மெழுகுவர்த்தி அணைந்தும் விடுகிறது. மறுநாள் வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தி, அவள் கேட்டதுதான் சரியான கேள்வி என்று எல்லோருக்கும் சொன்னேன்.

சரியான வழி துரு. மரச் சாமான்களைத் தேய்த்து மெருகேற்றுபவர்கள் பயன்படுத்தும் மெல்லிய இரும்பு நாரை ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான கம்பிச் சுருள் வேண்டாம். அது பெரும்பாலும் எவர்சில்வர், துருப்பிடிக்காது. நாரை ஒரு நிமிடம் வினிகரில் ஊறவைத்து உதறுங்கள். எண்ணெய்ப் பூச்சு போய்விடும், துரு சீக்கிரம் பிடிக்கும். அதைச் சோதனைக் குழாயின் அடியில் விழாதபடி செருகி, குழாயைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து நிறுத்துங்கள். உள்ளே உள்ள காற்றுப் பத்தியின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். நேரம் ஒன்றாக இருப்பது முக்கியம், ஏனென்றால் மூன்று பாகை வெப்ப வேறுபாடே காற்றின் அளவை நூற்றில் ஒரு பங்கு மாற்றிவிடும். 15 சென்டிமீட்டர் காற்றில் தண்ணீர் 3 சென்டிமீட்டர் ஏறி நிற்கும். அதற்குப் பிறகு எத்தனை நாள் வைத்தாலும் ஏறாது. ஐந்தில் ஒரு பங்கை இரும்பு தின்றுவிட்டது. துல்லியக் கருவிகளில் இது 20.95 விழுக்காடு.

மிச்சத்தில் ஏறத்தாழ எல்லாமே நைட்ரஜன், 78.08 விழுக்காடு. அந்த "ஏறத்தாழ" என்ற சொல்லுக்குள் ஒரு பெரிய கதை ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தின் ரேலி பிரபு காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் வேதிப்பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் எடை போட்டார். ஒரு லிட்டர் முதல் வகை 1.257 கிராம், இரண்டாம் வகை 1.2505 கிராம். இருநூறில் ஒரு பங்கு வித்தியாசம். அளவீட்டுப் பிழை என்று யாரும் தள்ளிவிடக்கூடியது. அவர் தள்ளவில்லை. வில்லியம் ராம்சேயும் அவரும் விடாமல் துரத்தி, 1894இல் ஆர்கானைக் கண்டுபிடித்தார்கள். எதோடும் சேராத வாயு என்பதால் சோம்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். காற்றில் அது 0.93 விழுக்காடு, கார்பன் டை ஆக்சைடைப்போல இருபது மடங்குக்கும் மேல். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அது உள்ளே போய் அப்படியே திரும்புகிறது. பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் எண்களை ஏன் அழிக்கக் கூடாது என்று கேளுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு காட்டும் வாயு

ஒரு நெல்லிக்காய் அளவு வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி மூடி வைத்து, அடுத்த நாள் மேலே தெளிந்த நீரை மட்டும் அலுங்காமல் வடித்து எடுங்கள். கண்ணில் படக் கூடாது. சின்னப் பிள்ளைகள் செய்தால் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தெளிநீரில் பாதியை அகலத் தட்டில் ஊற்றித் திறந்து வையுங்கள். சில மணி நேரத்தில் நீரின் மேல் வெள்ளை ஆடை கட்டும். விரல் பட்டால் நொறுங்கும். அந்த ஆடை காற்றின் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து உண்டானது. வெள்ளையடித்த சுவர் நாளாக நாளாக இறுகுவதும் இதே வேலையால்தான்.

மீதித் தெளிநீரை டம்ளரில் ஊற்றி, உறிஞ்சு குழல் வழியாக மெதுவாக ஊதுங்கள். ஊத மட்டுமே வேண்டும், உறிஞ்சக் கூடாது. சில நொடிகளில் பால் போலாகிவிடும். தட்டுக்கு மணிக்கணக்கு, மூச்சுக்கு நொடிக்கணக்கு. காரணம், வெளியே காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். நாம் விடும் மூச்சில் அதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு. ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது அது 315 பங்கு. எனக்கு அப்போது மூன்று வயது. என் ஒருத்தியின் வாழ்நாளுக்குள் வானத்தில் அந்த வாயு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது என்பதை நினைக்கும்போது தட்டின் மேல் கட்டும் அந்த மெல்லிய ஆடையை என்னால் அமைதியாகப் பார்க்க முடிவதில்லை.

நீராவியைப் பாடப்புத்தக அட்டவணை பெரும்பாலும் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அது இடத்துக்கு இடம் மாறும். அதையும் அளந்துவிடலாம். எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர், தெர்மாமீட்டர், சிறு சிறு ஐஸ் துண்டுகள். ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். டம்ளரின் வெளிப்புறம் முதன்முதலாக மங்கும் கணத்தில் வெப்பநிலையைக் குறியுங்கள். அதுதான் பனிநிலை. 10 பாகையில் மங்கினால் நீராவியின் அழுத்தம் 12 ஹெக்டோபாஸ்கல் (கைபேசி காற்றழுத்தத்தைக் காட்டும் அலகு). 15 என்றால் 17. 20 என்றால் 23. 25 என்றால் 32. இதைக் கைபேசி காட்டும் மொத்தக் காற்றழுத்தத்தால் வகுத்தால் எத்தனை விழுக்காடு என்று வந்துவிடும். சென்னையில் 25 பாகையில் மங்கும் புழுக்க நாளில் நூற்றில் மூன்று பங்கு நீராவி. ஆர்கானைப்போல மூன்று மடங்கு!

ஜன்னலோர இருக்கை

1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் புளோரன் பெரியே என்பவர், தம் மைத்துனர் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, பாதரசக் குழாயோடு புய் தெ தோம் என்ற மலையில் ஏறினார். இன்னொரு குழாயை அடிவாரத்தில் ஒரு துறவியிடம் கொடுத்து, நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியது. அடிவாரக் குழாய் அசையவே இல்லை. நம் தலைக்கு மேலிருப்பது எடையுள்ள ஒரு காற்றுக் கடல், மேலேறினால் அதன் ஆழம் குறைகிறது என்பது அன்று உறுதியானது.

இதே சோதனையை நாம் கொடைக்கானல் பஸ்ஸில் செய்யலாம். முக்கியமான பாடம் துறவியிடம் இருக்கிறது. கீழே ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்தது உயரத்தாலா, வானிலையாலா என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பஸ் நிலையம் எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் பழைய மாணவன் அந்தப் பணியைச் செய்தான். அரை மணிக்கொருமுறை எண்ணைக் குறித்தான். நான் காமக்காப்பட்டி, டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று நிற்கும் இடங்களிலெல்லாம் குறித்தேன். வத்தலக்குண்டில் 976 ஹெக்டோபாஸ்கல், கொடைக்கானல் பஸ் நிலையத்தில் 791. கடையில் இருந்த எண் ஒன்றிரண்டுதான் அசைந்தது. நம் மலைகளின் உயரத்துக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ பத்து மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று கொள்ளலாம். சமவெளியில் ஒன்பதுக்குப் பக்கம், மேலே பதினொன்றுக்குப் பக்கம். 185 குறைந்தது, ஆகவே 1,850 மீட்டர். வரைபடம் சொல்லும் வித்தியாசத்துக்கு மிக அருகில்.

வழியில் வாங்கும் முறுக்குப் பொட்டலம் மேலே போனதும் பலூன்போல உப்பும். அது எல்லோரும் பார்ப்பது. எண் வேண்டுமென்றால், மேலே ஒரு லிட்டர்ப் பாட்டிலை முழுக்கக் காலி செய்து, உலர்த்தி, இறுக மூடிக் கீழே கொண்டு வாருங்கள். பாட்டில் ஒடுங்கியிருக்கும். வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக அமிழ்த்தி மூடியைத் திறங்கள். உள்ளே புகும் தண்ணீரை அளங்கள். எங்களுக்கு 140 மில்லி வந்தது. அழுத்தத்தை மட்டும் கணக்கிட்டால் 190 வர வேண்டும் என்று பிள்ளைகள் முகம் வாடினார்கள். கொடைக்கானலில் 15 பாகையில் மூடிய காற்று கீழே 28 பாகை வாளிக்குள் விரிந்திருப்பதைக் கணக்கில் சேர்த்ததும் 150க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முகமும் மலர்ந்தது.

மேலே தங்கும் வீட்டில் அடுப்பும் கிடைத்தால் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். 93 பாகையிலேயே தளதளவென்று கொதிக்கும். பருப்பு வேகாமல் அடம் பிடிப்பதற்கும் மலை வீடுகளில் குக்கர் இல்லாமல் முடியாததற்கும் காரணம் இதுதான்.

இப்போது நான் மிகவும் விரும்பும் சோதனை. இரும்பு நாரையும் சோதனைக் குழாயையும் மேலே கொண்டுபோய் அதே துருச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். "மலையில் ஆக்சிஜன் குறைவு" என்று எல்லோரும் சொல்கிறார்களே, தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பெரும்பாலானோர் இரண்டு சென்டிமீட்டர் என்பார்கள். மறுநாள் பார்த்தால் அதே ஐந்தில் ஒரு பங்கு, அதே மூன்று சென்டிமீட்டர்! கலவை மாறவில்லை. ஒட்டுமொத்தக் காற்றே மெலிந்திருக்கிறது, அதனால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. காற்று ஓயாமல் கலக்கப்படுவதால் இந்த 78-21 கணக்கு ஏறத்தாழ 90, 100 கிலோமீட்டர் உயரம் வரை அப்படியே நிற்கிறது. ஆனால் 5.5 கிலோமீட்டர் ஏறும்போதெல்லாம் அளவு ஏறத்தாழ பாதியாகிறது. 50 கிலோமீட்டரில் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு.

அடுக்கு என்றால் என்ன?

பஸ் பயணத்தில் வெப்பநிலையையும் குறித்திருப்பீர்கள். வெயில் படாமல், நின்ற இடத்தில், இரண்டு நிமிடம் பொறுத்துப் படிக்க வேண்டும். கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை இறங்கும். வத்தலக்குண்டில் 32 என்றால் கொடைக்கானலில் 20. சூரியன் நேரடியாகக் காற்றைச் சூடாக்குவது குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது. அடுப்பிலிருந்து விலகினால் குளிர்கிறது. மேலெழும் காற்று விரிந்து விரிந்து குளிர்வதும் சேர்ந்துகொள்கிறது.

இந்த இறக்கம் எங்கே நிற்கிறது? வளிமண்டல அடுக்குகள் என்ற பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். கீழடுக்கு, மீள் அடுக்கு, இடை அடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு என்று ஐந்து நிறத்தில் பட்டை பட்டையாகப் படம் வரைகிறார்கள். மாடிக் கட்டடம்போலத் தளம் போட்டிருப்பதாகப் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அங்கே தளமும் இல்லை, சுவரும் இல்லை. வெப்பநிலை இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் ஏறத் தொடங்கும், பிறகு மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். திரும்பும் இடங்களுக்குத்தான் எல்லை என்று பெயர். தயவுசெய்து இதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பெயர்களைச் சொல்லுங்கள்.

ஒரு திருப்பத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? மார்கழி, தை மாதத்தில் விடியும் முன் எழுந்து ஊருக்கு வெளியே போங்கள். இரவெல்லாம் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். யாராவது குப்பை எரித்தாலோ வெந்நீர் அடுப்பு மூட்டினாலோ புகை நேராக எழும்பி, தென்னை உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ திடீரென்று நின்று, தட்டையாகப் படுத்து, வயல் முழுவதும் ஒரு கோடாக நீளும். மேலே இருப்பது சூடான, லேசான காற்று. புகையால் அதைத் துளைக்க முடியவில்லை. காணாத ஒரு மூடி அது. வெயில் ஏறியதும் மூடி கரைந்துவிடும்.

அந்த மூடியின் மாபெரும் வடிவத்தைச் சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் பார்க்கலாம். இடிமேகம் காலிபிளவர்போலப் பொங்கிப் பொங்கி ஏறும். பிறகு ஒரு உயரத்தில் உச்சி மழுங்கி, கொல்லர் பட்டடையின் தலைபோலப் பக்கவாட்டில் விரியும். விடியற்காலைப் புகை செய்ததைத்தான் இந்த மேகமும் செய்கிறது. அந்தத் தட்டையான விளிம்பைச் சுட்டிக்காட்டி, "கீழடுக்கு அங்கே முடிகிறது" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். துருவத்தில் எட்டு ஒன்பது கிலோமீட்டரில் வரும் இந்த எல்லை, நம் பக்கத்தில் 16 முதல் 18 கிலோமீட்டரில் இருக்கிறது.

கண்ணால் பார்த்ததை எண்ணாலும் சரிபார்க்கலாம். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை பலூன் பறக்கவிடுகிறது. அதில் தொங்கும் சிறு கருவி அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதத்தை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே ஏறும். அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழக இணையதளத்தில் உலகெங்கும் எடுக்கப்படும் இந்த அளவுகள் யாரும் பார்க்கலாம் என்று திறந்து கிடக்கின்றன. நிலைய எண் 43279 என்று கொடுங்கள், காரைக்காலுக்கு 43346. நேரம் 00 என்பது நமக்குக் காலை 5.30, 12 என்பது மாலை 5.30. வரும் அட்டவணையில் முதல் பத்தி அழுத்தம், அடுத்தது உயரம் மீட்டரில், அதற்கடுத்து வெப்பநிலை. கணக்கு நோட்டின் கட்டத்தாளில் உயரத்தை மேல்நோக்கியும் வெப்பநிலையைக் குறுக்காகவும் வைத்துப் புள்ளியிடுங்கள். ஐந்து கிலோமீட்டருக்குப் பக்கத்தில் பூஜ்யத்தைத் தாண்டும். பதினாறு, பதினேழு கிலோமீட்டரில் மைனஸ் 80க்குப் பக்கம் போய், கோடு அங்கே வளைந்து வலப்பக்கம் திரும்பும். அந்த வளைவைத் தன் பென்சிலால் வரைந்த பிள்ளைக்கு, மீள் அடுக்கு என்ற பெயரில் "மீள்" ஏன் வந்தது என்று விளக்க வேண்டியிருக்காது.

இந்த வளைவை முதலில் கண்டவர்களில் ஒருவர், தாம் கண்டதை நம்பவே மறுத்தார். பிரான்சின் தெசெரான் தெ போர், பாரிஸ் அருகே த்ராப் என்ற ஊரிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களை அனுப்பினார். 11 கிலோமீட்டருக்கு மேல் குளிர் கூடவில்லை. வெயில் பட்டுத் தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதோ என்று இரவில் பறக்கவிட்டுப் பார்த்தார். அப்போதும் அதே எண். ஆண்டுக்கணக்கில் சரிபார்த்த பிறகுதான் 1902இல் அறிவித்தார். ஆறேழு ஆண்டுகள் மெழுகுவர்த்தியை நம்பியவள் நான். இவரை நினைத்தால் கைகூப்பத் தோன்றும்.

மீள் அடுக்கு சூடாவது ஓசோனால். 15 முதல் 35 கிலோமீட்டர் வரை பரவியிருக்கும் அது சூரியனின் புற ஊதாக் கதிரைக் குடித்து வெப்பமாக மாற்றுகிறது. மொத்த ஓசோனையும் தரைமட்ட அழுத்தத்தில் திரட்டினால் மூன்று மில்லிமீட்டர் கனம்தான், இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை அடுக்கியதைவிட மெலிது. அது இல்லாமல் தரையில் நமக்கு வாழ்வில்லை. மேலே சூடு, கீழே குளிர் என்று இருப்பதால் அங்கே காற்று மேலும் கீழும் புரளாது, மழையும் கழுவாது. அதனால் அங்கே போய்ச் சேர்ந்தது சீக்கிரம் இறங்காது. 1883 ஆகஸ்டில் கிரகத்தோவா எரிமலை வெடித்து, செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறத்தில் தெரிந்தது. அந்தத் தூசி உலகத்தைச் சுற்றி வந்தது.

எரிமலை என்றதும் ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. 2022 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். டோங்கா அருகே கடலடி எரிமலை வெடித்தது. அதன் புகை 57 கிலோமீட்டர் வரை, மீள் அடுக்கையும் தாண்டி இடை அடுக்குக்குள் ஏறியது. அன்று இரவு எட்டு மணிக்குப் பிறகு என் கைபேசியின் அழுத்தக் கோட்டில் சுமார் 2 ஹெக்டோபாஸ்கல் ஒரு துள்ளல். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நடந்த வெடிப்பின் அலை வத்தலக்குண்டில் என் மேசைமேல் வந்து தட்டிவிட்டுப் போனது. உங்கள் கைபேசியில் அழுத்தத்தைப் பதிவுசெய்யும் செயலி இருந்தால் நிறுத்தாமல் ஓடவிடுங்கள்.

மேலே உள்ளவை

50 கிலோமீட்டருக்கு மேல் ஓசோன் மெலிந்து போவதால் மறுபடி குளிரத் தொடங்குகிறது; 85, 90 கிலோமீட்டரில் மைனஸ் 90 வரை போகும். இது இடை அடுக்கு. பலூன் 30, 35 கிலோமீட்டரிலேயே வெடித்துவிடும், செயற்கைக்கோள் இவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. அதனால் நம் காற்றில் மிகக் குறைவாக அறியப்பட்ட பகுதி இதுதான்.

அதற்கும் மேலே வெப்ப அடுக்கு. வாயுத் துகள்கள் ஆயிரம் பாகை வெப்பத்துக்குரிய வேகத்தில் பறக்கின்றன, ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. கையை நீட்டினால் சூடு தெரியாது. 400 கிலோமீட்டரில் சர்வதேச விண்வெளி நிலையம் இதற்குள்தான் சுற்றுகிறது. மிச்சக் காற்றின் உராய்வால் மெல்ல இறங்குவதால் அவ்வப்போது அதைத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. இங்கே கலவை என்ற கணக்கும் உடைந்துவிடுகிறது. கனமான வாயு கீழே, லேசானது மேலே என்று பிரிந்து, வெளியடுக்கில் ஹைட்ரஜனும் ஹீலியமும் மிஞ்சி, விண்வெளிக்குக் கசிகின்றன.

இந்த உயரத்தை வீட்டுக்குள் கொண்டுவர ஒரு பழைய மீடியம் வேவ் ரேடியோ போதும். பகலில் கிடைக்கும் நிலையங்களை எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு அதே முள்ளை மெல்லத் திருப்புங்கள். பகலில் வெறும் இரைச்சல் இருந்த இடங்களில் தெரியாத மொழிகள் பேசும். 60 முதல் 90 கிலோமீட்டர் வரை சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற பகுதி பகலில் அந்த அலைகளை விழுங்கிக்கொள்கிறது. சூரியன் மறைந்ததும் அது கலைகிறது. அலைகள் இன்னும் மேலே போய், அங்கே உள்ள மின்னேற்றப் பகுதியில் பட்டுத் தொலைதூரத்துக்குத் திரும்புகின்றன.

நான் பிறந்தது நாகர்கோவிலில். 1963 நவம்பர் 21 மாலை, அப்பா என்னைத் தூக்கி மொட்டை மாடிச் சுவரில் நிறுத்தி மேற்கே காட்டினார். இருட்டிக்கொண்டு வந்த வானத்தில் செம்மஞ்சளாக ஒரு மேகம், நெளிந்து நெளிந்து நின்றது. திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து ஏறிய முதல் ராக்கெட் சோடியம் ஆவியை அங்கே விட்டிருந்தது. தரையில் நமக்கு இருட்டிவிட்டது, அவ்வளவு உயரத்தில் இன்னும் வெயில். அந்த வெயிலில் சோடியம் ஒளிர்ந்தது. அது நெளிந்த விதத்தைப் பல இடங்களிலிருந்து படமெடுத்து, அங்கே அடிக்கும் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். தும்பாவைத் தேர்ந்ததற்கும் வளிமண்டலமே காரணம். காந்த நடுக்கோடு அதன் அருகே போகிறது. அதற்கு மேலே ஏறத்தாழ 105 கிலோமீட்டரில் பகலில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது.

பல இடங்களிலிருந்து பார்ப்பது என்ற அந்த உத்தியை நீங்களும் செய்யலாம். 1798இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிராண்டஸ், பென்சன்பெர்க் என்ற இரண்டு மாணவர்கள் இப்படித்தான் எரிகற்களின் உயரத்தை முதலில் அளந்தார்கள். டிசம்பர் 13, 14 இரவுகளில் மிதுன ராசிப் பக்கமிருந்து எரிகற்கள் நிறைய விழும். ஒருவர் வத்தலக்குண்டில், மற்றவர் 50 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கு வெளியே இருட்டான இடத்தில் நிற்க வேண்டும். இருவரின் கடிகாரமும் நொடி பிசகாமல் ஒன்றாக ஓட வேண்டும். பிரகாசமானவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நேரம், எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அணைந்தது. ஒரே நொடியில் இருவரும் பார்த்தது ஒரே கல். எனக்கு உச்சியில் அணைந்த கல் உங்களுக்கு உச்சியிலிருந்து 27 பாகை சாய்ந்து தெரிந்தால், கட்டத்தாளில் அந்த முக்கோணத்தை வரையுங்கள். உயரம் 98 கிலோமீட்டர் என்று வரும். போன டிசம்பரில் நானும் பழைய மாணவி ஒருத்தியும் முயன்றோம். நள்ளிரவுக்குப் பிறகு மதுரைப் பக்கம் மேகம் மூடிவிட்டது. அதற்குள் எங்கள் இருவர் நோட்டிலும் சேர்ந்து பதிவானது இரண்டு கற்கள். ஒன்று 91 கிலோமீட்டர், மற்றொன்று 104.